மருதமுத்துவின் படியில்லாத வண்டி

மலாக்காவின் காஜா பேராங்கில் மருதமுத்து அண்ணனைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் இருந்ததாக எனக்குத் தெரியாது. சைக்கிள் டயர் வெடித்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். வண்டி ஓட்டும்போது முன்னால் பார்ப்பதைவிடக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதுதான் அதிகம் என்று கமலவேணி அக்கா சொல்வாள். அந்த வண்டியில்தான் நாங்கள் ரப்பர் பால்வெட்டுப் பெண்கள் விடிவதற்குள் ஏறி, செமாபோக்கைத் தாண்டி, ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தோம். ஆகவே அவருடைய பயம் எங்களுக்குத் தினசரி வேடிக்கை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தோம். சிரிக்காவிட்டால் அது எங்களையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

என் பெயர் சீதா. அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான், அவர் தூக்கத்தில் அலறினால் எங்கள் வீட்டில் விளக்கு எரியும். அதனால் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலம் உச்சத்தில் இருந்தபோது அவர் சொந்த வண்டி வைத்திருக்கவில்லை. மலாக்கா டவுனில் ஒரு மொத்தக்கடையின் லோரியை ஓட்டினார். தோட்டத்துக் கடைகளுக்கு ரேஷன் அரிசி கொண்டுபோகும் வேலை. அந்த லோரியில் கெலிண்டானாக, அதாவது மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாக, கூடப் போனவன் தியாகு. அண்ணனின் மனைவி சந்திரமதி அக்காவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. தாய் இல்லாமல் அக்கா கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

தியாகு உள்ளே உட்காரவே மாட்டான். வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து இடது பக்கத்து ஃபுட்போர்டில் தாவி ஏறுவான். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு தலைமயிர் பறக்க நின்றபடியே வருவான். வேண்டும்போது மறு கையால் கதவுத் தகரத்தைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. லோரிக்காரர்கள் எல்லாருக்கும் இதுதான் பாஷை. அந்தத் தட்டு கேட்டதும் ஓட்டுகிறவன் கால் தானாக வேலை செய்யும். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டால் அவன் நல்ல டிரைவர் இல்லை. மருதமுத்து அண்ணன் நல்ல டிரைவர்.

ஒருநாள் ஜாசினுக்கு உள்ளே, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் செம்மண் சடக்கில், தோட்டத்து ரோட்டில், லோரி ஓர் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறியது. பாரம் அதிகம், நடந்து வருகிறவன்கூட அதை முந்திவிடலாம். அப்போது மரங்களுக்குள்ளிருந்து காட்டு ஆட்கள் ஓடிவந்து இடது பக்கத்துப் படியில் ஏறினார்கள். அண்ணன் கண்ணாடியில் பார்த்தது தியாகுவின் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள், அவ்வளவுதான். தகரத்தில் டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டது. அவர் கால் தானாக அழுத்தியது. லோரி கத்திக்கொண்டு மேட்டில் ஏறியபோது ஒரு துப்பாக்கி வெடித்து முன்கண்ணாடி நொறுங்கியது. அவர் போலீஸ் நிலையம் போய்ச் சேர்ந்துதான் நிறுத்தினார்.

போலீஸோடு திரும்பிப் போனபோது அங்கே யாரும் இல்லை. லோரியின் படியில் தியாகுவின் டயர் செருப்பு ஒன்று மட்டும் இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செருப்பைச் சந்திரமதி அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆகவே அவள் தம்பி சாகவில்லை. அன்று முடிவு செய்தவள்தான், அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் அவள் மாறவில்லை.

அண்ணன் முடிவு செய்ய முடியாமல் போனது வேறொன்று. அந்த இரண்டு சத்தம் என்ன என்பதுதான் அது. தியாகு கையால் தட்டினானா? அல்லது அவனை இழுத்தபோது தலையோ முழங்காலோ தகரத்தில் இடித்ததா? 'போ' என்று சொன்னவனை விட்டுவிட்டு வந்தாரா, இழுபட்டுக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு வந்தாரா? இதை அவர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. தூக்கத்தில்தான் கேட்டார், தகரத் தடுப்பு வழியாக எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் லோரியைத் தொடவில்லை. உஜோங் பாசிரில் மீன் கூடை தூக்கினார், பாசார் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்தார். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்த சமயத்தில்தான், வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட ஒரு பழைய பிக்கப்பை வாங்கினார். வாங்க வைத்தது சந்திரமதி அக்கா. தோட்டத்துக் காண்டிராக்டர் ஒருவர் டவுனிலிருந்து பால்வெட்ட ஆள் கொண்டுவர வண்டி தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டம் அதே செம்மண் ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அந்த ரோடு வேணாம்," என்றார் அண்ணன்.

"அந்த ரோடுதான் வேணும்," என்றாள் அக்கா. "அவன் உள்ளதான் எங்கயோ கெடக்கான். தெனமும் நீங்க போய் வந்தா ஒரு நாளைக்கு அவன் கண்ணுல படும்ல?"

அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் போனார். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்த மனிதர் தினமும் இரண்டு தடவை அந்த ஏற்றத்தைக் கடந்தார் என்பது அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

வண்டியைச் சரிபண்ண ஷரீஃபுதீன் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெரு முனையில் இருந்த பட்டறை. அன்று நானும் அக்காவோடு போயிருந்தேன். பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பட்டாளத்து வண்டி, ஒசரமா இருக்கு. பக்கத்துல ஒண்ணுமே இல்ல. ஒண்ணு, புட்போர்டு போடலாம். பொம்பளைங்க சொகமா ஏறுவாங்க. ஆனா அது தொங்கிக்கிட்டு நிக்கும். ஒங்க சடக்குல மரக்கட்டையும் கல்லும் கெடக்கு, ஒரு வாரத்துல பிச்சிக்கிட்டுப் போயிரும். இல்லன்னா கனத்த பைப்பா பாத்து சேஸிஸ்ல வச்சு வெல்டிங் அடிச்சிரலாம். வண்டி கல்லுல ஏறிட்டா மொத்த பாரத்தையும் பைப்பு தாங்கிக்கிட்டு வழுக்கிக்கிட்டே போயிரும். வண்டி பொழைக்கும். பொம்பளைங்க பாடுதான் கஷ்டம்."

"ரெண்டும் போட முடியாதா பாய்?" என்றாள் அக்கா.

"எடம் எங்கம்மா இருக்கு?"

அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "அந்த பைப்புல ஆள் நிக்க முடியுமா?"

வசதிக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்ட பாய் உற்சாகமாக, "கொஞ்சம் வெளிய தள்ளி வச்சா ஒரு கால் வைக்கலாமே," என்றார்.

"வேணாம். உள்ள ஒட்டி வைங்க. யாரும் கால் வைக்க முடியக் கூடாது."

பாய் நிமிர்ந்து பார்த்தார். சந்திரமதி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சண்டை போடுகிற குரலில் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்: "தியாகு வந்தா எங்கங்க நிப்பான்?"

"உள்ள ஒக்காருவான்," என்றார் அண்ணன்.

"அவன் என்னைக்கு உள்ள ஒக்காந்தான்?"

அண்ணன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "படி இருந்தா யார் வேணாலும் ஏறுவான் சந்திரா. கண்ணாடியில கை தெரியும். என்னால முடியாது," என்றார். அவ்வளவு பேர் முன்னால் ஓர் ஆண் தன்னால் முடியாது என்று சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாய் பைப்பை எடுத்துவரப் போனார்.

பைப்பு போட்ட வண்டி எங்கள் உயிரை வாங்கியது. பின்பலகையைத் திறந்தால் அது இடுப்பு உயரத்துக்கு நின்றது. கமலவேணி அக்கா கனத்த உடம்புக்காரி. அவளை மேலே இழுக்க இரண்டு பேர், கீழிருந்து தள்ள இரண்டு பேர் தேவைப்பட்டது. கடைசியில் அண்ணன் ஒரு பால்டின் மரப்பெட்டி கொண்டுவந்தார். எல்லாரும் ஏறியதும் அந்தப் பெட்டியை எடுத்துத் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். பெட்டிக்கு உட்கார இடம், எங்களுக்கு வெயில் என்று கமலவேணி அக்கா தினமும் பாடினாள். பக்கத்தில் குடியிருந்த மலாக்காச் சிட்டிக் கிழவர் ஒருவர், பழைய தமிழ் வம்சம் ஆனாலும் தமிழ் தெரியாதவர், பூட்டிய கதவைப் பார்த்து, "தாக்குட் ஆப்பா, முத்து?" என்று மலாயில் சிரித்துக்கொண்டே கேட்பார். எதற்குப் பயப்படுகிறாய் என்று அர்த்தம். அண்ணனும் சிரிப்பார், பூட்டைத் திறக்க மாட்டார்.

இதோடு விட்டாரா? அந்தப் பைப்பின் மேலும் ஒருவன் காலைச் செருகி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு டின் கிரீஸ் வாங்கி, இரண்டு பக்கத்துப் பைப்பிலும் தடவினார்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. வண்டியில் ஏறுவதற்கு முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். உயிரைச் சுமக்கிற பொருளில் காலை வைக்கிறோம் அல்லவா? முதல் நாள் விடிந்தும் விடியாத இருட்டில் எல்லாரும் பைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். தோட்டத்தில் இறங்கிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நின்றபோதுதான் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "பாரு, நம்ம மருதமுத்து கண்ணுக்கு மை இலவசமா குடுக்குறாரு," என்றாள் கமலவேணி அக்கா. அன்று முழுவதும் மரத்துக்கு மரம் சிரிப்புதான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, கிரீஸ் கலைந்த இடத்தில் மறுபடியும் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சண்டை சத்தமில்லாமல் நடந்தது. வெள்ளிக்கிழமை சந்திரமதி அக்கா வண்டியைக் கழுவி, இடது பக்கத்துப் பைப்பை மட்டும் துணியால் துடைத்துத் துடைத்துக் கிரீஸை எடுத்து, சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைப்பாள். தம்பி கால் வைக்க வேண்டிய இடம் அது. சனிக்கிழமை அண்ணன் அந்தப் பொட்டின் மேலேயே கிரீஸ் தடவுவார். அடுத்த வெள்ளி அவள் மறுபடியும் துடைப்பாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்தது. ஊரே கொடியும் கையுமாகப் பாடாங் மைதானத்துக்குக் கிளம்பியது. வண்டியில் தொங்கிக்கொண்டு வர ஆசைப்பட்ட இளவட்டங்கள் பைப்பில் கால் வைத்து வழுக்கி, வெள்ளைக் கால்சட்டையைக் கெடுத்துக்கொண்டு அண்ணனைத் திட்டினார்கள். நாடு நம்முடையதாகிவிட்டது, இனி என்ன பயம் என்று எல்லாரும் சொன்னார்கள். டவுனில் ஊரடங்கை எடுத்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஆனால் நாங்கள் போகும் தோட்டத்துப் பக்கம் போலீஸ் தடுப்பு இருக்கத்தான் செய்தது, காட்டுக்குச் சாப்பாடு போகிறதா என்று எங்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கத்தான் செய்தார்கள். வானத்திலிருந்து விமானம் துண்டுக் காகிதம் போட்டது. காட்டிலிருந்து வெளியே வருகிறவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று அதில் அச்சடித்திருந்தது. சந்திரமதி அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள்.

"வந்துருவான் சீதா," என்றாள். "ஒங்க அண்ணே கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்காருல்ல, அவர் கண்ணுலதான் மொதல்ல படுவான்." அவள் அப்படிச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவன் உயிரோடு இருப்பான் என்று நான் நம்பவில்லை.

மறு வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் மதியமே வானம் கறுத்துவிட்டது. வெட்டிய பாலெல்லாம் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே மழைநீரில் கலந்து வீணாகிவிட, கணக்கெழுதும் கிராணி எங்களைச் சீக்கிரம் போகச் சொல்லிவிட்டார். பின்னால் கன்வஸ் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் ஏற்றமாக இருக்கும் இடம் திரும்பும்போது இறக்கம். மழையில் செம்மண் சேறாகிவிட்டதால் அண்ணன் முதல் கியரில் போட்டு மெதுவாக, மிக மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை.

கன்வஸ் ஓரமாக நான்தான் முதலில் பார்த்தேன். இடது பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து ஒருவன் ஓடிவந்தான். எலும்பும் தோலுமாக, தாடியோடு, கிழிந்த காக்கிச் சட்டையோடு இருந்தான். கையில் எதுவும் இல்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் என் வாய் அதற்குள் அலறிவிட்டது. என் அலறலைக் கேட்டு எல்லாரும் அலறினோம். அவன் வண்டியோடு ஓடி, இடது கதவை எட்டிப் பிடித்து, பைப்பில் காலை வைத்தான்.

டப், டப்.

வண்டி பாய்ந்தது. இறக்கத்தில், சேற்றில், அப்படிப் பாய்ந்த வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய் ஓரத்துப் பாறையில் ஏறியது. கவிழ்ந்தோம் என்று நினைத்தேன். கமலவேணி அக்கா மாரியம்மாவைக் கூப்பிட்டாள். அடியில் இரும்பு கல்லில் உராயும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. பாய் சொன்னதுபோலவே பைப்பு மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு வழுக்கி, எங்களைத் திரும்பச் சடக்கில் இறக்கிவிட்டது. வண்டி பள்ளத்தின் அடிவரைக்கும் ஓடியது.

அங்கே நின்றது. அண்ணன் நிறுத்தியிருந்தார்.

"போய்யா! எதுக்கு நிக்கிற? சுடப் போறானுங்க, போ!" என்று கமலவேணி அக்கா முன்னால் இருக்கும் அவருக்குக் கேட்கும்படி கத்தினாள். நாங்களும் கத்தினோம். எனக்கு வெட்கமில்லை, நானும்தான் கத்தினேன். கதவுப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கினார். மழையில் நின்று எங்களைப் பார்க்காமல், "ரெண்டு தட்டு," என்றார். பிறகு வந்த வழியே மேட்டில் ஏறி நடக்க ஆரம்பித்தார்.

அவர் நடக்கவில்லை, தள்ளாடினார். ஓர் இடத்தில் நின்று, குனிந்து, வாந்தி எடுத்தார். திரும்பி ஓடிவந்துவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். அதற்கு மேல் என்னால் வண்டியில் உட்கார முடியவில்லை, குதித்து இறங்கி அவர் பின்னால் ஓடினேன்.

அவன் சடக்கின் ஓரத்தில் கிடந்தான். பின்சக்கரம் அவன் இடது பாதத்தின் மேல் ஏறியிருந்தது. அதை நான் எழுத மாட்டேன். வழுக்கியபோது பைப்பைப் பிடிக்கப் பார்த்த இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பாகக் கிரீஸ். அண்ணன் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்து முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். அவன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான்.

"மாமா," என்றான். "படி எங்க?"

மழைச் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் அண்ணன் தொண்டையிலிருந்து வந்தது. தகரத் தடுப்பு வழியாக நான் பல தடவை கேட்ட அதே சத்தம்.

தியாகுவை அவரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். தூக்குவது கஷ்டமாக இல்லை, உடம்பில் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏற்றுவதுதான் கஷ்டமாகிவிட்டது. அவ்வளவு உயரம். கால் வைத்து ஏறி இழுக்க ஓர் இடம் இல்லை. பெட்டியைப் போட்டு அண்ணன் ஏறினார், பெட்டி சேற்றில் சரிந்தது. தியாகு வலியில் கத்தினான். ஒவ்வொரு கத்தலுக்கும் அண்ணன் பைப்பைப் பார்த்தார். கடைசியில் கமலவேணி அக்கா, அதுவரை போ போ என்று கத்தியவள், "தள்ளுங்கடி எல்லாரும்," என்று இறங்கிவந்து குனிந்து முதுகைக் காட்டினாள். அவள் முதுகில் கால் வைத்துத்தான் அண்ணன் தியாகுவை மேலே ஏற்றினார்.

போலீஸ் தடுப்பில் துப்பாக்கிகள் எங்களை நோக்கி நின்றன. காக்கிச் சட்டையையும் தாடியையும் பார்த்ததும் அவர்களுக்கும் பயம். அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "என் மச்சினன். வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான்," என்றார். மலாயில் சொல்ல வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. அங்கே இருந்த தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் மற்றவர்களிடம் விளக்கிச் சொல்லி, தானும் எங்களோடு ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குச் சந்திரமதி அக்காவை யார் கூட்டிவந்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கிரீஸ் அப்படியே இருந்தது. தன் சேலையால் அதைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் பைப்பைத் துடைத்த மாதிரியே, அவசரப்படாமல் துடைத்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றார்.

பாதத்தை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும் போலீஸ் கொண்டுபோய் வைத்து விசாரித்தார்கள். காட்டு ஆட்கள் மூட்டை தூக்கக் கொண்டுபோனார்கள், பிறகு விடவில்லை, ஓடியவனைச் சுட்டார்கள் என்று அவன் சொன்னதை நம்பினார்கள். சில மாதம் கழித்துக் கக்கத்தில் கட்டையோடு வீட்டுக்கு வந்தான்.

அந்த மாதங்களில் அண்ணன் வண்டி எடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்துவிடுவார். தியாகு வந்த பிறகும் அவன் இருக்கும் அறைக்குள் போக மாட்டார். பயந்தாங்கொள்ளி என்று இப்போது யாரும் கேலி செய்யவில்லை. அது கேலியை விட மோசமாக இருந்தது.

ஒருநாள் நான் அவர்கள் சமையலறையில் அக்காவுக்கு மாவாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தியாகு அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் கதவு நிலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அன்னைக்கி... லோரியில. ரெண்டு சத்தம். அது என்னடா தியாகு?"

அக்காவின் கை அப்படியே நின்றது. ஆட்டுக்கல்லைச் சுற்றுவதை நானும் நிறுத்தினேன். இத்தனை வருஷம் அவர் பயந்தது காட்டு ஆட்களுக்கு இல்லை, இந்த ஒரு பதிலுக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தியாகு யோசிக்கவில்லை. "மொத தட்டு நான் நிறுத்தச் சொல்லித் தட்டினேன் மாமா," என்றான்.

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் புடிச்சி இழுத்தானுங்க. பயந்துட்டேன். நிறுத்துங்கன்னு தட்டிட்டேன். தட்டிட்டு நிமிந்து பாக்குறேன், மேட்டுல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான். நீங்க நிறுத்துறதுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்கிறான். அதான் ரெண்டாவதும் தட்டினேன்." வெங்காயத்தைக் கீழே வைத்தான். "நீங்க போயிட்டீங்க. நல்லாதான் போனீங்க."

"இப்ப? இந்தத் தடவை?"

"இந்தத் தடவை ஒண்ணுதான் தட்டினேன் மாமா. ரெண்டாவது சத்தம், கால் வழுக்கி இடிச்சது."

சந்திரமதி அக்கா எழுந்து போய் அலமாரிக்கு அடியிலிருந்து கிரீஸ் டின்னை எடுத்துக்கொண்டு வந்து புருஷன் கையில் கொடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "பாய்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு, படி போடச் சொல்லிட்டு வாங்க," என்றாள்.

ஷரீஃபுதீன் பாய் இடம் இல்லை என்று சொன்ன இடத்தில் இடம் கண்டுபிடித்தார். வலது பக்கம் பைப்பு அப்படியே இருந்தது. இடது பக்கம் பைப்பின் மேலேயே அகலமான இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, கால் வழுக்காமல் இருக்க அதன் மேல் கோடு கோடாகக் கீறிவிட்டார். ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் பைப்பு என்று காஜா பேராங்கில் அந்த மாதிரி வண்டி வேறு கிடையாது. கல்லில் இடித்துப் படி பிய்ந்துபோனால் அண்ணன் மறுபடியும் போய் வைத்துக்கொண்டு வருவார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.

தியாகு மறுபடியும் கெலிண்டானாக வந்தான். நிற்க முடியாது, உள்ளேதான் உட்கார வேண்டும். அந்தப் படியில் கட்டையை ஊன்றி, நல்ல காலை வைத்து, மெதுவாக ஏறி உட்காருவான். நாங்கள் எல்லாரும் ஏறியானதும் கையை வெளியே விட்டுக் கதவுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். போகலாம் என்று அர்த்தம்.

மருதமுத்து அண்ணன் போக மாட்டார். பூட்டாத கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, இடது பக்கத்துச் சக்கரத்துக்கு அருகில் குனிந்து யாரும் இல்லை என்று பார்ப்பார். தியாகுவின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுப்பார். நேரமாகிறது என்று கமலவேணி அக்காகூட ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.